ஒறிஜினல் குரல்

லதீசன் தன்னை வரவேண்டாம் என்று சொன்னதைத் தேனுகா முதன்முதலில் கேட்டது றுவைஸின் குரலில். தாலி கட்டினவன் சொன்ன பேச்சை, நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குச் சாப்பாடு பரிமாறுகிற ஒருத்தனின் வாயால் கேட்கவேண்டும் என்று எந்தப் பெண்ணின் தலையிலாவது எழுதியிருக்குமா? இவள் தலையில் எழுதியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற வீதியில், வள்ள எஞ்சின் சாமான் விற்கிற கடையில், மூதூர்க்காரர் ஒருவருக்குப் பிளக் எடுத்துக் கொடுத்துக்கொண்டே ஒரு காதில் இயர்போனைச் செருகி அதைக் கேட்டாள். கேட்டதும் அவளுக்கு முதலில் தோன்றியது, அட, றுவைசுக்கு அந்தச் சத்தம் கடைசியில் வந்துவிட்டதே என்பதுதான். ஜேர்மன் பாஷையில் 'இல்லை', 'வேண்டாம்' என்பதற்கு வருகிற 'நிஹ்ற்' என்ற சொல்லின் நடுவில், சுடுகிற தேத்தண்ணியை ஊதுகிற மாதிரி ஒரு காற்று வரவேண்டும். அது வராமல் மாதக்கணக்காய்ப் பாடுபட்டவன் அவன். பிளக்கைப் பேப்பரில் சுற்றி நீட்டிய பிறகுதான் வசனம் தமிழில் வந்து நின்றது. தயவுசெய்து வராதே.

"பிள்ளை, இது பழைய எஞ்சினுக்குப் பொருந்துமோ?" என்று மூதூர்க்காரர் கேட்டார்.

"பொருந்தும் ஐயா. பொருந்தாட்டிக் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்."

இது எப்படி நடந்தது என்று சொல்லாவிட்டால் றுவைஸ் மேல் பழி விழும். அவன் பாவம். நகரத்தில் நடந்த ஜேர்மன் மொழி வகுப்பு முடிந்து, படித்தவர்கள் திசைக்கொன்றாகப் போன பிறகு, மூன்று பேர் மட்டும் வட்ஸ்அப்பில் ஒரு குழுவாய் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கிண்ணியாவிலிருந்து சுஹைரா, அவளுக்கு அங்கே போய்த் தாதிப் பயிற்சி எடுக்கவேண்டும். றுவைசுக்கு ஹோட்டலுக்கு வருகிற ஜேர்மன்காரரோடு கதைக்கவேண்டும், அவ்வளவுதான் என்று சொல்வான். மனதுக்குள் என்ன இருந்ததோ. தேனுகாவுக்குப் புருஷனிடம் போகவேண்டும். அந்த நாட்டுக்குப் புருஷனிடம் போகிற பெண் முதலில் அந்த நாட்டுப் பாஷையில் ஒரு சோதனை பாஸாக வேண்டும், பிறகுதான் விசா. ஒருமுறை எடுத்து, எழுத்திலெல்லாம் நல்ல புள்ளி வாங்கி, பேச்சில் கோட்டை விட்டவள். அடுத்தது வருகிற வெள்ளிக்கிழமை, கொழும்பில்.

குழுவில் யாரும் ஒன்றும் எழுதக்கூடாது, எல்லாம் குரல்தான். ஒவ்வொரு நாளும் ஆளுக்கொரு 'வொய்ஸ்' போடவேண்டும். மற்ற இரண்டு பேரும் அதில் குறை பிடிக்கவேண்டும், அதுவும் குரலில். றுவைசுக்குச் சொல்லெல்லாம் உருண்டு வரும். சுஹைராவுக்கு அவசரம், மூச்சே விடமாட்டாள். தேனுகாவுக்கு இழுவை. எந்த வசனத்தையும் கடைசியில் மேலே இழுத்துக்கொண்டு போய் அந்தரத்தில் விடுவாள். "ஒங்கட பேரச் சொல்றதுக்கும் எங்களிட்டக் கேக்கிறீங்க தேனு, என்ர பேர் தேனுகாவோ எண்டு," என்று சுஹைரா சிரிப்பாள்.

இதற்குள் லதீசன் எப்படி வந்தான் என்றால், அவன்தான் ஒறிஜினல். பத்து வயதில் ஜேர்மனிக்குப் போனவன். தமிழைத் தடக்கித் தடக்கிக் கதைப்பான், அந்தப் பாஷையைத் தண்ணிபட்ட பாடாய்க் கதைப்பான். கலியாணம் முடித்து லீவு முடிந்து போன பிறகு, இவள் படிக்கட்டும் என்று இரண்டு மூன்று வசனமாய்ப் பேசி அனுப்பத் தொடங்கினான். நான் கடைக்குப் போகிறேன். இன்றைக்குக் குளிர். எங்கள் வீட்டில் மூன்று அறை. அதை இவள் குழுவுக்கு அனுப்புவாள். மூன்று பேரும் அவன் சொன்னதை அப்படியே, ஏற்ற இறக்கம் மாறாமல், தங்கள் குரலில் திருப்பிச் சொல்லிப் போடுவார்கள். "லதீசன் அண்ணன்ட ஒறிஜினல் வந்திட்டுதோ?" என்று றுவைஸ் காத்திருப்பான். இதிலே ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள்: ஒருவர் முதலே கேட்டுப் பழகிவிட்டால் அது மற்றவர்களுக்கு அநியாயம். ஆகையால் தேனுகா கேட்காமலே அனுப்பிவிட வேண்டும். முதலில் அனுப்பு, பிறகு கேள். அன்றைக்கும் அப்படித்தான். மத்தியானம் கடையில் ஆட்கள் நெருக்கும் நேரத்தில் வந்தது, அனுப்பினாள், போனை மேசை லாச்சிக்குள் போட்டாள்.

பிறகு எடுத்துப் பார்த்தபோது கீழே கிடந்தவை றுவைஸின் குரலும் சுஹைராவின் குரலும். விடுபட்ட இடத்திலிருந்து கேட்டாள். நான்கே நான்கு வசனம். எனக்கு இனி ஏலாது. நான் இங்கே தனியாக வாழவில்லை. என்னை மன்னித்துக்கொள். தயவுசெய்து வராதே. றுவைஸ் அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருந்தான். சுஹைரா வழக்கம்போல ஒரே மூச்சில். அதற்குக் கீழே அவர்களின் ஆராய்ச்சி.

"றுவைஸ், காத்து நல்லா வருது. ஆனா கடைசியில சத்தம் எறங்கவேணும். அவர் எப்பிடி எறக்குறார் பாருங்க, கதவச் சாத்துற மாதிரி."

"இது என்ன பாடம் சுஹைரா? முந்தி மாதிரி இல்லையே."

"சோதனையில வாறதாக்கும். வா, போ, வராத எண்டு ஏவுற பகுதி இரிக்குத்தானே. தேனு, ஒங்கட வொய்ஸ் எங்க? நாங்க போட்டுட்டம்."

அதன் பிறகுதான் தேனுகா மேலே போய் ஒறிஜினலைக் கேட்டாள். ஒருமுறைதான் கேட்டாள். முன்பெல்லாம் அவன் அனுப்புவதை நிறுத்தி நிறுத்தி, பின்னால் இழுத்து, அகராதியைப் பார்த்து விளங்கிக்கொள்வாள். இது ஒரே தரத்தில் முழுக்க விளங்கியது. ஒரு சொல் தப்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அந்தப் பாஷையைத் தமிழாக்காமல் நேரே விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். அதை நினைக்க ஒரு சின்னப் பெருமைகூட வந்தது, வெட்கங்கெட்ட பெருமை. அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் ஒரு கொட்டாவி வந்தது. கடை வாசலில், ரவுணுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று மட்டைப் பெட்டியைக் கடித்துக்கொண்டு நின்றது. முதலாளி அதைத் துரத்தச் சொன்னார். எழும்பிப் போய்த் துரத்தினாள்.

ஏன் தமிழில் சொல்லவில்லை? நிலாவெளி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அவள் யோசித்தது அதைத்தான். வேறொருத்தி யார், எப்போதிருந்து, எப்படிப்பட்டவள் என்றெல்லாம் யோசிக்கவேண்டிய மண்டை, இதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. தமிழில் சொன்னால் அம்மா வருவா, மாமி வருவா, மணவறை வரும், சாப்பிட்டுப் போன சனமெல்லாம் அந்த வசனத்துக்குள் வந்து நிற்கும். அந்தப் பாஷையில் அவனுக்கு ஒருவரும் இல்லை, சொல்லிவிட்டுப் போகலாம். இவளுக்கு விளங்குமளவுக்கு எளிதான சொற்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லியிருக்கிறான். மெல்லமாய், ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு, ஒரு நல்ல வாத்தியார் மாதிரி. கோபம் வரவேணுமே என்று பார்த்தாள். பஸ் உப்புவெளியைத் தாண்டியது. பக்கத்தில் நின்ற மனுசி காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை அன்ரி என்றாள் தேனுகா. உண்மையாகவே அவளுக்கு நோகவில்லை.

சாம்பல்தீவில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மிளகாய் வறுக்கிற காரம் மூக்கில் ஏறியது. அம்மாதான். சோதனை முடிந்து விசா வந்து இவள் போகும்போது கொண்டுபோகத் தூள் வேண்டுமாம். முதல் சோதனைக்கும் இப்படித்தான் வறுத்து இடித்து, அது வண்டு பிடித்துப் போனது. "இந்தமுறை தப்பாது," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறா. கோயிலில் ஒருத்தி, "மகள் இன்னும் போகேல்லையோ?" என்று கேட்ட நாளிலிருந்து அம்மா அந்தப் பக்கமே போவதில்லை. பாஸாகினால்தான் இனி அந்தப் படியேறுவாவாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய் எந்த வாயால் சொல்வது?

"முகத்தைக் கழுவிப்போட்டு வா பிள்ளை. தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கிறன்."

"ஓம் அம்மா."

அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தாள். லதீசனிடமிருந்து ஒரு வரி வந்து கிடந்தது. கேட்டீரா என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான். குழுவில் சுஹைரா இரண்டாம் தரமும் கூப்பிட்டிருந்தாள். அவன் பேசியதைக் குழுவிலிருந்து அழித்துவிடலாம் என்று விரலை வைத்தாள். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லவேண்டும். சொல்வதைவிட அவர்களைப் போலத் திருப்பிச் சொல்லிவிடுவது சுகமாயிருந்தது. மற்ற நாட்களில் பத்துத் தரம் பேசி, பத்துத் தரம் அழித்து, போர்வைக்குள் தலையை விட்டுப் பதினோராம் தரம் பேசுகிறவள், அன்றைக்கு ஒரே தரம் பேசினாள். எனக்கு இனி ஏலாது. நான் இங்கே தனியாக வாழவில்லை. என்னை மன்னித்துக்கொள். தயவுசெய்து வராதே.

உடனே சுஹைரா வந்தாள். குரலில் சந்தோசம் துள்ளியது.

"மாஷா அல்லாஹ்! தேனு, இழுவை போயிட்டு! ஒரு சொட்டு இல்ல. அவர மாதிரியே இரிக்கு. எறங்கவேண்டிய இடத்தில எல்லாம் எறங்குது. இப்பிடிக் கதைச்சா ஒங்களப் பெயிலாக்க அவங்களுக்கு மனம் வராது. எப்பிடிப் பழகின நீங்க?"

றுவைசும் ஒரு வரி பேசினான். "எனக்கே பொறாமையாக் கிடக்கு. வாத்தியார் வீட்டுக்குள்ள இருந்தா இப்பிடித்தான்."

தேனுகா போனைத் தலையணையில் வைத்தாள். கட்டிலில் சரிந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்குள் வெளிச்சம் மெல்ல மங்கியது. திரும்பவும் போன் அதிர்ந்தபோது, குழுவில் அல்லாமல் தனியாக வந்த சுஹைராவின் குரல் வேறு மாதிரி இருந்தது. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"தேனு... நான் சோறாக்கிட்டு நிண்டு அதச் சும்மா தமிழ்ல சொல்லிப் பாத்தன். அது பாடம் இல்லத்தானே?" கொஞ்சம் நின்று மூச்சு விட்டாள். சுஹைரா மூச்சு விட்டதை அன்றைக்குத்தான் தேனுகா கேட்டாள். "அல்லாஹ்வே, நாங்க அதில குறை புடிச்சிட்டு இருந்தம் புள்ள. ஒண்டும் சொல்லவேணாம் எனக்கு. வியாழக்கிழம கொழும்பு பஸ்ஸில நம்ம ரெண்டு பேருக்கும் சீட் சொல்லி இரிக்கன். நீங்க வாறதெண்டாலும் வராட்டியும், நான் அத வேணாமெண்டு சொல்லமாட்டன். பக்கத்து சீட்டில ஆரையும் இருக்கவும் விடமாட்டன்."

அதன் பிறகு குழுவில் அன்றைக்குப் போட்ட குரல்கள் ஒவ்வொன்றாய் மறையத் தொடங்கின. சுஹைரா திருப்பிச் சொன்னது போயிற்று. அவள் சொல்லியிருக்கவேண்டும், றுவைஸ் சொன்னதும் போயிற்று. காற்று வருகிறது, கதவைச் சாத்துகிற மாதிரி, வாத்தியார் வீட்டுக்குள்ளே, எல்லாம் போயிற்று. இரண்டு வீடுகளில் இரண்டு பேர் குனிந்திருந்து தங்கள் சத்தத்தைத் தாங்களே பொறுக்கி எடுத்துக்கொள்வதை அவள் படுத்திருந்தபடியே பார்த்தாள். நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது என்ற வரிகளுக்கு நடுவில் இரண்டு குரல்கள்தான் மிஞ்சின. மேலே அவனுடையது. கீழே இவளுடையது.

அவனுடையதை அழுத்தினாள். இயர்போனைப் போனில் குத்தவில்லை என்பது சத்தம் அறை முழுக்கப் பரவின பிறகுதான் தெரிந்தது. நிறுத்தலாம், நிறுத்தவில்லை. அவன் முடிய, இவளுடையது தானாகவே தொடங்கியது. அவளுக்கே அது யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. நல்ல உச்சரிப்பு என்று நினைத்தாள்.

"லதீசன் தம்பியோ கதைக்கிறார்?" அம்மா வாசலில் நின்றா. மிளகாய் பட்ட கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தா. காரத்தில் கண் சிவந்து தண்ணி வடிந்துகொண்டிருந்தது.

"ஓம் அம்மா."

"ரெண்டாவது ஆர், நீயோ? என்ர பிள்ளையே! முந்தி நீ கதைக்கேக்க நீதான் எண்டு குசினிக்குள்ள நிண்டே சொல்லுவன். இப்ப ஆர் அவர், ஆர் நீ எண்டு தெரியேல்லையடி. அவ்வளவு வடிவாக் கதைக்கிறாய்." அம்மா சொக்கிப் போய் நின்றா. "என்னவாம்? எப்ப வரச் சொல்லுறாராம்?"

தேனுகா போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"சரி சரி, உங்கட கதை உங்களோட. எனக்குச் சொல்லவேண்டாம்." அம்மா சிரித்துக்கொண்டு முழங்கையால் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தா. கண்ணை மேற்கையில் துடைத்தா. "இன்னொருக்காப் போடு பிள்ளை, கேப்பம்."

தேனுகா போட்டாள். லதீசன் மெல்லமாய், இடைவெளி விட்டுவிட்டுப் பேசினான். அம்மா தலையைச் சரித்து, கண்ணை மூடி, ஒவ்வொரு இடைவெளியிலும் ம் என்று சொல்லிக்கொண்டிருந்தா.