கோடு இல்லாத தாள்

தையல்காரர் கத்தரியைத் தாளின்மேல் வைத்தார். வரைந்திருந்த கோட்டுக்குள் அது கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்தது வளைந்த இடுக்கி. அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தெரியாமல், சொல்லிக்கொடுக்கும் ட்ரே அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சியில ஒண்ணும் எழுதலண்ணே. தாளப் பாருங்க."

ஆபரேஷன் தியேட்டர் கருவிகளைக் கழுவி, ட்ரே என்கிற தட்டில் அடுக்கிக் கட்டி, நீராவியில் அவித்து அனுப்பும் பிரிவு அது. தையல்காரர் அவளைவிட மூத்தவர். தையல் கடையை இழுத்து மூடிவிட்டு இந்த வேலைக்கு வந்த மனிதர். ஆயுசு முழுக்கக் கத்தரி பிடித்த கைதான், ஆனால் கத்தரியில் இத்தனை வகை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ட்ரே அக்கா இந்த வேலையைக் கற்றது திட்டு வாங்கித்தான். தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று அவளே தாள் வரைந்தாள். முதல் தாளில் ஒவ்வொரு கருவியின் உருவமும் முழுசாக இருக்கும். கை பழகியதும் அதை எடுத்துவிட்டு, பாதி உருவங்கள் மட்டும் போட்ட தாளை விரிப்பாள். கடைசியில் வெறும் தாள். எப்போது எதை உருவுவது என்பதில் அவள் கெட்டிக்காரி. முந்தினால் ஆள் மிரண்டுவிடுவார், பிந்தினால் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்.

அன்று முதல் தாளை உருவியபோது தையல்காரர் பதறினார்.

"ஐயோ, அதுக்குள்ளயா? இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் தாயி."

"நேத்து உங்க பொண்ணு கல்யாணக் கதைய சொல்லிக்கிட்டே முழுத் தட்டையும் அடுக்கினீங்க. தாளப் பாக்கவே இல்ல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் பாதி உருவம் போட்ட தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதில் அவளுக்கும் ஒரு பரீட்சை இருந்தது. தையல்காரர் வெறும் தாளில் அடுக்கிக் காட்டினால், சொல்லிக்கொடுக்கும் வேலையை அவளுக்கே நிரந்தரமாக்குவதாக சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். கான்ட்ராக்ட் பிழைப்பு முடியும். காய்ச்சல் வந்தால் சம்பளம் போகாமல் படுக்கலாம். அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை, வேலை கிடைத்துவிட்டது என்றே கணவனிடம் சொல்லிவிட்டாள்.

சோதனை நாளில் தையல்காரர் அந்த வளைந்த இடுக்கியில் வந்து நின்றார். ட்ரே அக்கா வேண்டுமென்றே மின்விசிறியைப் பார்த்தாள். அவர் ஒரு மூச்சு விட்டார், இடுக்கியின் மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பிரமாதம்! அந்த மொதத் தாளக் குடும்மா" என்றார் சூப்பர்வைசர்.

அடுத்த வாரம் அது அச்சாகி, பளபளவென்று லேமினேஷனோடு எல்லா மேசையிலும் ஒட்டியிருந்தது.

"இது இருந்தா யார் வேணா அடுக்கலாம். தனியா சொல்லிக்குடுக்க ஆள் எதுக்குன்னு மேல கேக்குறாங்க. கழுவுற பக்கம் ஆள் பத்தல, நாளைலேர்ந்து அங்க போயிடு" என்றார் சூப்பர்வைசர்.

"சார், அது பழகுற வரைக்கும்தான். அப்புறம் எடுத்துடணும்."

"எடுக்குறதா? நல்லா ஒட்டியாச்சும்மா."

மறுநாள் அவள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றாள்.

கழுவும் பக்கத்துக்கும் அடுக்கும் பக்கத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். கழுவுகிறவர்கள் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. தையல்காரர் லீவில் இருந்த ஒரு நாள், அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த பெண் கண்ணாடியைத் தட்டினாள். அவள் கையில் புது மாதிரி இடுக்கி. மேசையில் ஒட்டிய எந்தக் கோட்டுக்குள்ளும் அது அடங்கவில்லை. முகம் அழுவதுபோல் இருந்தது.

ட்ரே அக்கா கையுறையைக் கழற்றினாள். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில், எதிர்ப்பக்கம் நிற்பவளுக்குச் சரியாகத் தெரியும்படி இடம் வலம் மாற்றி, விரலால் இடுக்கியின் பாதி உருவத்தை மட்டும் வரைந்தாள். மீதியை அவளே யோசிக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் இடுக்கியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். சட்டென்று சரியாகப் பிடித்துச் சிரித்தாள்.

"தொட்டி வழியுது, அங்க என்ன படம் வரஞ்சிக்கிட்டிருக்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

அவள் கையுறையை மாட்டித் திரும்புவதற்குள் ஆவி ஏறிக் கோடு மறைந்துவிட்டது.