மயில்கழுத்துச் சேலை

என்ஜினுக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஆயில் படர்ந்து மயில்கழுத்து நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது, பெலவேந்திரன் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, துணியை முக்கி, வாளியில் பிழிந்து, மறுபடி முக்கினான், குழாய் விட்டுப்போய் அத்தனை ஆயிலும் படகின் அடிவயிற்றில் கொட்டிக் கிடக்கிறது, இப்படியே பம்பைப் போட்டு வெளியே இறைத்தால் துறைமுகமே நாறிவிடும், முன்பொரு நாள் செலஸ்டின் சோற்றுத் தூக்கோடு வந்து இதே பள்ளத்தை எட்டிப் பார்க்கிறாள், ஏங்க, இந்த நெறத்துல எனக்கொரு சீலை எடுத்துத் தாங்களேன் என்கிறாள், கழிச்சுப்போட்ட ஆயிலுக்கு ஆசப்பட்ட ஒரே பொண்டாட்டி நீதாம்ட்டி என்று அவன் சிரிக்கிறான், கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்தபோது சேலையை மோந்து பார்த்து, நல்லவேள, ஒங்க வாட இல்ல என்றாள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை, அதோடுதான் இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தாள், கிழிந்ததையெல்லாம் பழைய போர்வையில் முடிந்து கதவோரம் வைத்து, படகுக்கு எடுத்துட்டுப் போங்க என்பாள், போன மாதம் அவளைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு அழுகை வரவில்லை, பசியும் சரியாக வரவில்லை, கை மட்டும் வேலை செய்கிறது, முக்கு, பிழி, முக்கு, இன்று காலையும் கதவோரம் ஒரு முடிச்சு இருந்தது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அத்தான், நிறுத்துங்க என்றான் கில்பர்ட், செலஸ்டினின் தம்பி, காலி வாளியோடு மேலிருந்து குனிந்தவன், அது அக்கா சீலைல்லா. பெலவேந்திரன் கையைப் பார்த்தான், முடிச்சில் கடைசியாக மிஞ்சியிருந்தது, மயில்கழுத்துச் சேலை, மடிப்புக்கூடக் கலையவில்லை. முதியோர் இல்லத்துக்குக் குடுக்கணும்னு அக்கா துணியெல்லாம் நாங்கதான அத்தான் முடிஞ்சு வச்சோம், நீங்க பாக்கலியா என்று கேட்டான் கில்பர்ட். பக்கத்தில் குவிந்து கிடந்தன அவளுடைய நைட்டிகள், பாவாடைகள், எல்லாம் கறுத்து, இவ்வளவு நேரம் இந்தக் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் ஆயில் இருந்தது. சேலையை மேலே வைத்துவிட்டு, தன் சட்டையைக் கழற்றி முக்கினான், பிழிந்தான், கடைசி மினுக்கமும் சட்டையில் ஏறியதும் வெறும் கறுப்பாகிப்போனது, அடியில் பலகை தெரிந்தது. இனி அந்த நிறம் சேலையில் மட்டுந்தான், அதிலும் அவன் கட்டைவிரல் பட்ட இடம் போக. எடுத்து மூக்கருகே கொண்டுபோனான், ஒரு இழையிலாவது அவள் இருப்பாள், மெதுவாக மூச்சை இழுத்தான், ஆயில் வாடை வந்தது, அவனுடைய வாடை.