இரண்டு கிலோ ஈயம்

எங்கள் மகளைப் பந்தயக் காரில் உட்கார வைத்தது நான்தான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவனைப் பற்றி அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அது என் மனைவி செய்த காரியம். அவள் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மகளுக்கு எட்டு வயதானபோது வாடகைக்கு விடும் கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஒன்றில் நான்கு சுற்று சுற்ற விட்டோம். நேரம் முடிந்ததும் இறங்க மாட்டேன் என்று ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள். நான் பிய்த்து இறக்கப் போனேன்.

"விடுங்க," என்றாள் மனைவி. "நம்ம ரெண்டு பேருக்கும்தான் எதுவும் இப்படி ஒட்டிக்கல. அவளுக்காவது ஒட்டட்டும்."

அப்படி ஒட்டியதுதான். கார்ட் பந்தயங்களில் ஒன்பது வருடம் ஓட்டினாள். முதல் வருடம் கடைசியில் வந்தாள். கடைசி வருடம் முதலில் வந்தாள். நடுவில் வந்த வருடங்களைப் பற்றி என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, "கூட்டத்தோட கோவிந்தா" என்பான். அவனே அவளுக்குப் பஞ்சு என்று பெயரும் வைத்தான். எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாத உடம்பு.

பதினேழு வயதில் சின்ன ஃபார்முலா வண்டிக்கு வந்தாள். ஒரே ஒரு இருக்கை. கூரை கிடையாது. சக்கரங்கள் நான்கும் உடம்புக்கு வெளியே மூடாமல் நிற்கும். முதல்முறை அதைப் பார்த்த மைத்துனன், "என்ன மச்சான், வண்டிக்குச் சட்டை போட மறந்துட்டாங்களா?" என்றான்.

எங்கள் குழு நாலே பேர். மகள் ஓட்டுவாள். எஞ்சினும் நட்டு போல்ட்டும் என் பொறுப்பு. டயரும் வாயும் மைத்துனன் பொறுப்பு. மனைவிக்கு இரண்டு வேலை. ஒன்று பலகை. அந்தப் பந்தயத்தில் ஓட்டுநரோடு பேச ரேடியோ கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரச் சுவருக்கு மேலே பலகையை நீட்டிக் காட்ட வேண்டும்: எத்தனையாவது இடம், எத்தனை சுற்று பாக்கி. எண் தகடுகளை அவள் மாற்றும் வேகத்தைப் பார்த்தால் கடையில் மாத்திரை அட்டை வெட்டுவது நினைவுக்கு வரும். மகள் எந்த அவசரத்திலும் அந்தப் பலகையைப் பார்க்காமல் கடந்ததில்லை.

இன்னொன்று எடை நோட்டு. பந்தயம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்து எடை போடுவார்கள். ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே ஒரு கிராம் குறைந்தாலும் ஓட்டியது செல்லாது. மெலிந்தவருக்கு லாபம் கிடைக்கக் கூடாது என்பதற்கான விதி. பஞ்சு மெலிந்தவள் என்பதால் அவள் இருக்கைக்கு அடியில் ஈயத் தகடுகள் வைத்து முடுக்குவேன். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, மொத்தம் ஐந்து. எத்தனை தகடு என்பதை மனைவி கணக்குப் போட்டுச் சொல்வாள். மகள் குடித்த தண்ணீர், வியர்வையில் போகும் அரை கிலோ எல்லாம் அந்த நோட்டில் இருக்கும்.

அவளுடைய கணக்குப் பித்துக்கு ஓர் உதாரணம். பந்தய டயர் சூடேறினால் கோந்து மாதிரி ஆகிவிடும். பாதையின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் துணுக்குகள்மேல் போனால் அத்தனையும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் மைத்துனன் கத்தியால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். "ஒரு டயருக்கு நானூறு கிராம்டா தம்பி," என்று வந்து சொன்னாள்.

"நல்ல வேளை, குழம்பு வெக்கல," என்றான் அவன்.

இரண்டாவது வருடம் மகள் நன்றாக ஓட்டினாள். கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது மொத்தப் புள்ளிகளில் அவளும் ஒரு மஞ்சள் வண்டிக்காரப் பையனும் சமமாக நின்றார்கள். இருவரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம். பட்டம் பெற்றவருக்கு அடுத்த வகுப்பில் ஒரு பெரிய குழு ஒரு வருடம் முழுக்க வண்டி கொடுக்கும். அந்தப் பையனின் அப்பா வண்டி வாங்கிக் கொடுக்கக்கூடியவர். எங்களால் ஆகாது. அன்று தோற்றால் பஞ்சு கையுறையைக் கழற்றிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். இது நாலு பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

முந்தைய நாள் பயிற்சி முடிந்து எடை போட்டோம். ஐந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்று புள்ளி நான்கு. வியர்வை போகத் தொள்ளாயிரம் கிராம் கையிருப்பு. மனைவி நோட்டை மூடினாள். அன்று சாயங்காலம் ஒரு தகட்டின் போல்ட் ஓட்டை தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். கழற்றி எடுத்துப் புது ஓட்டை போட்டேன். அதற்குள் மைத்துனன் டயரைத் தூக்கக் கூப்பிட்டான். தகட்டைத் துணியில் சுற்றி வேனின் முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலையில் மனைவி நோட்டும் பென்சிலுமாக வந்து, "ஈயம் அஞ்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றேன், குனிந்து பார்க்காமல். பணிமனையில் யார் எது கேட்டாலும் தலையைத் தூக்காமல் "இருக்கு" என்று சொல்லியே பழகியவன். எடை மேடையில் வரிசை நீளமாக இருந்ததால் மறுபடி எடை போடவும் போகவில்லை.

பந்தயம் இருபது சுற்று. பஞ்சு இரண்டாவதாகவும் மஞ்சள் வண்டி மூன்றாவதாகவும் ஓடிக்கொண்டிருந்தன. இடைவெளி ஒரு வினாடிகூட இல்லை. முதலில் போனவர் யாரென்று எனக்கு இன்றும் ஞாபகமில்லை. அவரைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. பதிமூன்றாவது சுற்றில் வெயில் தாங்காமல் மனைவி பலகையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் தொப்பி எடுக்க வேனுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தலையில் தொப்பி இல்லை. கையில் துணிமூட்டை இருந்தது.

"என்னங்க, இது என்ன?"

மைத்துனன் துணியைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஐந்தாவது ஈயத் தகடு இருந்தது.

அவள் திட்டவில்லை. சுவரில் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். "ஆயிரத்து நூறு கிராம் குறையுது," என்றாள்.

"முடிஞ்சதும் இதைக் கொண்டுபோய் வெச்சிட்டா?" என்றான் மைத்துனன்.

"கொடி விழுந்ததும் வண்டி நேரா எடை மேடைக்குத்தான் போகும். நடுவுல யாரும் கை வெக்க முடியாது," என்றேன்.

மூன்று பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு வண்டிகளும் ஒன்றின் வாலில் ஒன்றாகக் கடந்தன. அப்போதும் மனைவி எண் தகட்டை மாற்றிச் சரியாகக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "கொடி விழுந்த அப்புறம் மெதுவா ஒரு சுற்று வருவாங்கல்ல. அப்ப ஓரமா ஓட்டினா தப்பா?"

"தப்பில்ல. நிறைய பேர் செய்யறதுதான்."

"நாலு டயர். நாலு நானூறு ஆயிரத்தறுநூறு." பென்சிலைக் காதில் செருகினாள். "தம்பி, கறுப்பு டேப்பை எடு."

பலகையின் பின்பக்கத்தில் டேப்பை வெட்டி ஒட்டி, 'ரப்பர்' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். புள்ளிகள் வட்டமாக வர வேண்டும் என்று கத்தரிக்கோலால் வெட்டினாள். அந்த நேரத்திலும்.

"கடைசிச் சுற்று ஆரம்பிக்கும்போதே காட்டிடு," என்றேன்.

"வேணாம். பின்னாடியே அந்தப் பையன் வரான். இப்ப போய் புதுசா ஒரு வார்த்தையைக் காட்டினா என்னன்னு யோசிப்பா. அவ ஓட்டட்டும். கொடியைத் தாண்டும்போது காட்டறேன்."

"ஜெயிச்ச சந்தோஷத்துல பலகையை யார் பார்ப்பா?"

"பார்ப்பா."

"பார்க்கலைன்னா?"

"பெத்தவ நான் சொல்றேன். பேசாம நில்லுங்க."

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் மஞ்சள் வண்டி உள்பக்கமாக மூக்கை நுழைத்தது. பஞ்சு இடம் விடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கமாக வந்தன. கொடியைத் தாண்டியபோது அவள் வண்டியின் மூக்கு ஒரு சக்கர நீளம் முன்னால் இருந்தது. மைத்துனன் என்னைத் தூக்கிவிட்டான். நான் எடை குறைந்தவன் அல்ல. மனைவி மட்டும் சுவருக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஞ்சு ஒரு கையை உயர்த்திக்கொண்டே கடந்துபோனாள். பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை; அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம்.

வண்டிகள் ஒவ்வொன்றாக எடை மேடைக்கு வந்தன. முதலில் வந்தவர் வந்தார். மஞ்சள் வண்டி வந்தது. பத்தாவது வண்டி வந்தது. எங்கள் வண்டியைக் காணோம்.

"எஞ்சின் நின்னுபோச்சா?" என்றான் மைத்துனன்.

"வாயைக் கழுவு," என்றாள் அவன் அக்கா.

கடைசியாக அது தெரிந்தது. பாதையின் ஓரத்தை ஒட்டி, காய்கறி வண்டி மாதிரி ஊர்ந்து வந்தது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்தாள். நான்கு டயர்களும் கம்பளி போர்த்தியது போல் இருந்தன.

எடை போடுபவர் சிரிக்கத் தெரியாத மனிதர். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஐந்நூற்றுத் தொண்ணூறு புள்ளி ஆறு," என்றார். பிறகு டயரைப் பார்த்து, "ஏம்மா, பாதை முழுக்கப் பெருக்கிட்டே வந்துட்டியா?" என்று கேட்டார்.

பஞ்சு ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி: "என்னம்மா ஆச்சு? எதுக்கு ரப்பர்?"

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள். செருப்புக் காலால், அழுத்தமாக.

"நான்தான்டி எடையைத் தப்பா எழுதிட்டேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குத் தப்பு வரக் கூடாதா? போ, மேடைல கூப்பிடறாங்க."

மேடைக்கு நடக்கும்போது மைத்துனன் என் மனைவியின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்பா, என்ன கனம். மருந்துக் கடையையே தூக்கிட்டு வந்துட்டியாக்கா?" என்று சத்தமாகக் கேட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே கேட்டான், படுபாவி.

அதற்குப் பிறகு நடந்தது பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். பெரிய குழு வண்டி கொடுத்தது. முதல் வருடம் தடுமாறினாள், இரண்டாவது வருடம் நான்கு பந்தயம் வென்றாள், அங்கிருந்து இன்னொரு படி ஏறினாள். இப்போது அவள் வண்டிக்கு முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ஈயம் வைக்க மட்டும் தனியாக ஒருவர். நான் தொட முடியாது. மனைவி அந்த முதல் பெரிய வெற்றியை நேரில் பார்த்தாள். அதற்கடுத்த வருடம் நோய் வந்தது. ஐந்து மாதம் இருந்தாள். தன் மாத்திரைகளைத் தானே எண்ணி எடுத்துக்கொண்டாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது.

எனக்கு அந்தத் தகடு நெஞ்சிலேயே கிடந்தது. என் தப்பை அவள் தலையில் வைத்துக்கொண்டாள், நானும் வைத்துக்கொள்ள விட்டேன். அதற்குப் பிறகு சாப்பிடும்போது அடிக்கடி என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சே?" என்பாள். மகளும் பக்கத்தில் இருப்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

போன மாதம் பஞ்சு நான்கு நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா எடையைத் தப்பா எழுதல. தகட்டை மாட்டாம விட்டது நான்."

அவள் சட்டையை மடித்து முடித்தாள். "தெரியும்ப்பா."

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். வர வழியில நீங்க டீசல் போட இறங்கினீங்கல்ல, அப்ப அம்மா பையைத் திறந்து காட்டினாங்க. மூணு பேரும் சிரிச்சு மாமாவுக்கு விக்கல் வந்துடுச்சு."

"பின்ன ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

"அவரா சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்க அம்மா. பந்தயம் வேற கட்டினோம். நீங்க ஒரு வாரம் தாங்க மாட்டீங்கன்னு நான். ஒரு மாசம்னு மாமா. ஒரு வருஷம்னு அம்மா."

"யார் ஜெயிச்சது?"

"யாருமில்ல. ஆறு வருஷம் இழுப்பீங்கன்னு யாருப்பா நினைச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. நல்ல, ஆரோக்கியமான கோபம். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து ஒரு மணி நேரம் சண்டை போட வேண்டும் போல் இருந்தது. ஆள் இல்லை. அதனால் மகளோடு போட்டேன். அம்மா அளவுக்கு இல்லாவிட்டாலும், அவளும் நன்றாகவே போடுகிறாள்.