அணைத்து வைத்த பகுதி

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி ஃபோன் செய்து, "வேலையை விடப்போறேன். லெட்டர் எழுதிட்டேன். வந்து தப்பு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துக் குடு" என்றபோது இவள் பயந்துபோனாள். லெட்டரில் தப்பு இருக்குமே என்று அல்ல. தப்பு எங்கே இருக்கிறது என்பது உலகத்திலேயே இவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அண்ணி என்றால் கூடப் பிறந்தவனின் மனைவி அல்ல. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரின் மனைவி. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவரை அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியபின், அவர் வீட்டில் இருப்பவர் அண்ணி ஆகாமல் வேறென்ன ஆவார்? அண்ணா போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைக்கிறோமே, இணையத்திலிருந்து படத்தையும் பாட்டையும் இழுத்துக் காட்டுவது, அதற்குள் போகும் சிப்பை வடிவமைப்பதுதான் இவர்கள் கம்பெனியின் பிழைப்பு. நகத்தளவு சிப். அதற்குள் படத்துக்கு ஒரு பகுதி, ஒலிக்கு ஒரு பகுதி, மெனுவுக்கு ஒரு பகுதி, இணையத்துக்கு ஒரு பகுதி. எல்லோருக்கும் மெமரி பொது. அதற்குப் போகிற வழியும் பொது. யார் முதலில் போவது, யார் எத்தனை நேரம் நிற்பது என்று முடிவு செய்யும் பகுதி இவளுடையது. அதனால் ஆபீசில் இவளுக்கு ட்ராஃபிக் போலீஸ் என்று பெயர். நாளடைவில் போலீஸ் தேய்ந்து ட்ராஃபிக் மட்டும் நின்றது. ஒலிப் பகுதி அண்ணாவுடையது. சத்தத்தை வைத்துச் சம்பாதித்த அந்த மனுஷன் வாயைத் திறப்பது அபூர்வம். ஒரு மணி நேர மீட்டிங்கில் கடைசியாக "சரி" என்று ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டு எழுந்து போவார். ஆபீசுக்கு அவர் ம்யூட்.

அண்ணிக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின். எதிரே நின்று பேசினால் பிரச்சினை இல்லை, ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் ஜன்னலில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார். படம்தான் பிரச்சினை. வசனத்தின் மேல் மழை பெய்யும், கார் ஓடும், அதற்கும் மேல் இசையமைப்பாளர் தன் பங்குக்கு ஐம்பது வயலினை இறக்குவார். அண்ணி திரும்பித் திரும்பி "என்ன சொன்னான்?" என்று கேட்பார். அண்ணா பொறுமையாகத் திருப்பிச் சொல்வார். வீட்டில் அந்த மனுஷன் பேசியதில் பாதி, படத்தில் வேறு யாரோ பேசியதாகத்தான் இருக்கும்.

அதற்காகத்தான் அவர் அந்தச் சின்னப் பகுதியை வரைந்தார். பேச்சை மட்டும் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, மழையையும் வயலினையும் பின்னால் தள்ளும். யாரும் கேட்காத வேலை, இரண்டு வருடம் பிடித்தது. "இடம் மிச்சம் இருந்தா போட்டுக்குங்க" என்றார் மேனேஜர். இடம் இருந்தது. அந்தப் பகுதி மெமரியிடம் கேட்பது கொஞ்சம்தான், ஆனால் கேட்ட நேரத்துக்குக் கிடைத்தாக வேண்டும். "பதினாறு எண்ணறதுக்குள்ள எனக்கு வழி விட்டுடும்மா. அதுக்கு மேல தாங்காது" என்று இவளிடம் சொன்னார், குறிப்பிலும் எழுதி வைத்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அதிசயம் என்பதால் இவளுக்கு அது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருந்தது. மறந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளவும் பிற்பாடு வழியில்லாமல் போனது.

பெட்டி மலிவாக வேண்டும், இரண்டு மெமரி இருந்த இடத்தில் ஒன்று போதும் என்று மேலிடத்தில் முடிவானது. மேலிடத்துக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வழி பாதியாகக் குறுகியது. சோதனையில் படம் துள்ளியது. துள்ளுகிற படத்தை யார் வாங்குவார்? இவள் படத்தை முன்னால் விட்டு, மற்றவர்களைப் பின்னால் நிறுத்தினாள். அண்ணாவின் பதினாறு அறுபத்து நான்கானது. இடத்தை மிச்சம் பிடிக்க, பிறகு மாற்ற முடியாதபடி அந்த எண்ணைச் சிப்பிலேயே பதித்தும் விட்டாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கணையத்தில் புற்று. அவருடைய பகுதியைச் சோதித்துப் பார்க்க வேண்டியவரும் அவர்தான் என்பதால் அதை யாரும் சோதிக்கவில்லை. பார்க்கப் போன அன்று, "சிப் ஃபாக்டரிக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். "போயிடுச்சு அண்ணா" என்றாள். மூக்கில் குழாயோடு கிடக்கிறவரிடம் பதினாறையும் அறுபத்து நான்கையும் எப்படிப் பேசுவது? இருபதாவது நாள் போய்விட்டார்.

சிப் திரும்பி வந்து லேபில் மாட்டியபோது படம் கண்ணாடி மாதிரி ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு அண்ணாவின் பகுதியை இயக்கினார்கள். பேச்சு அறுந்து 'டப்' என்றது. நாலு விநாடி கழித்து மறுபடி 'டப்'. குறிப்பை எடுத்துப் பார்க்காமலே இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திருத்தி மறுபடி செய்து வாங்க நாலு மாதம் ஆகும். மேனேஜர் கெட்டவர் இல்லை, பாவம், நகத்தைக் கடித்துக்கொண்டு, "யார் பக்கம் தப்பு?" என்று மட்டும் கேட்டார்.

"அவரோட பகுதி தாமதத்தைத் தாங்கலை" என்றாள் இவள்.

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. தாங்காது என்று அவரே சொன்னாரே. கோளாறு அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'ஒலிப் பகுதியின் வடிவமைப்புக் குறை' என்று எழுதி, பொறுப்பாளர் என்ற கட்டத்தில் அண்ணாவின் பெயரைப் போட்டாள். நாலு மாதத்தை யார் தலையில் கட்டலாம் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த நேரம். எதிர்த்துப் பேசாத தலை ஒன்று கிடைத்தது. உயிரோடு இருந்தபோதே பேசாதவர், இப்போதா பேசப்போகிறார்? கோழைத்தனத்துக்கு வேறு நல்ல பெயர் ஏதாவது உண்டா என்று இவளும் பல நாள் தேடிப் பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை.

சிப்பை மாற்ற வேண்டாம், அந்தப் பகுதியை அணைத்துவிடலாம் என்று முடிவானது. ஒவ்வொரு சிப்பிலும் அதற்கென்று மயிரிழையாக ஒரு ஃப்யூஸ் உண்டு. ஃபாக்டரியில் அதை எரித்துவிட்டால் அந்தப் பகுதிக்கு மின்சாரம் போகாது, பிறகு யார் நினைத்தாலும் திரும்பப் போட முடியாது. எந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் அண்ணாவின் வேலை உள்ளே இருக்கும், உயிர் மட்டும் இருக்காது. எரிக்கலாம் என்ற படிவத்தில் இருப்பது இவள் கையெழுத்து.

பெட்டி கடைக்கு வந்ததும் வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அண்ணாவுடையதை இவள்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"அவரு எனக்காகச் செஞ்சது இதுல இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"இருக்கு அண்ணி."

அண்ணி அதை இரண்டு கையாலும் வாங்கி, தூசியே இல்லாத பெட்டியைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே அழுதார். இவளும் அழுதாள். இரண்டு பேரும் அழுத காரணம் ஒன்றல்ல.

அது எட்டு மாதத்துக்கு முன்னால். இப்போது மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபோதே அண்ணி வீட்டு டிவி சத்தம் காதைப் பிளந்தது. மணியை நாலு தடவை அடித்த பிறகு கதவு திறந்தது. அண்ணி மெலிந்திருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, சோபாவின் மேல் கிடந்த காயவைத்த துணிகளை ஒதுக்கி, லெட்டரைக் கையில் கொடுத்தார். 'எனது செவித்திறன் நாளுக்கு நாள் குறைந்து வருவதால்' என்று தொடங்கியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"ரெண்டு பேரைப் பார்த்தேன். போன வருஷம் எப்படியோ அப்படியேதான் இருக்காம். சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு பேரும் அதையே சொல்றாங்க. சமாதானப்படுத்தறாங்க, வேறென்ன?"

"ஏன் அண்ணி, நிஜமாவும் இருக்கலாம் இல்லையா?"

"எப்படி இருக்கும்?" அண்ணி டிவியைக் காட்டினார். யாரோ இரண்டு பேர் கொட்டும் மழையில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். "எனக்குன்னு ரெண்டு வருஷம் உட்கார்ந்து செஞ்சிருக்கார். அவரு வேலையில தப்பு வராது, உனக்கே தெரியும். அது உள்ள இருந்தும் எனக்கு ஒரு வசனம் புரியலைன்னா, போனது காதுதானே?"

இவள் லெட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல்ல வந்து ஒருத்தர் பேரு சொன்னா மூணு தடவை கேக்கறேன். முதல் தடவையே சரியாத்தான் விழுந்திருக்கும். ஆனா என் காதை நானே நம்பறதில்லை. போன வாரம் ஒருத்தர், செவிட்டுப் பொம்பளையை இங்க உட்கார வெச்சிருக்காங்களேன்னு கத்திட்டார். அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு." அண்ணி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "யாரும் போகச் சொல்றதுக்குள்ள நானாப் போயிடறேன்."

சொல்லாமல் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. பெட்டியில் கோளாறு இருக்கும், வேறு கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று சொல்லலாம். ஒரு அப்டேட் வர வேண்டியிருக்கிறது, அது வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லலாம். இப்படி நாலைந்து பொய்கள் வாய்க்குள் தயாராகவே நின்றன. ஆனால் அப்டேட் வரும் வரும் என்று அண்ணி காத்திருப்பார், வராது, பழி மறுபடி காதின் மேலேயே விழும். இருபத்திரண்டு வருட வேலையும் போகும். இதற்கு மேல் இவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணி, அது வேலை செய்யலை. அணைச்சு வெச்சிருக்கு. தப்பு அண்ணாவோடது இல்லை, என்னோடது. நான் அவர் பேர்ல எழுதிட்டேன்." தலையைக் குனிந்துகொண்டு, லெட்டரைப் பார்த்தே சொன்னாள்.

அண்ணி கையைக் காதருகே கொண்டுபோனார். "என்ன? சத்தமாச் சொல்லு."

டிவியில் மழை நிற்கவில்லை. ரிமோட் அண்ணியின் மடியில்தான் இருந்தது, அதை அவர் தொடவில்லை. இவள் நிமிர்ந்து, கொஞ்சம் குரலை உயர்த்தி மறுபடி சொன்னாள். ஒரு தரம் வாயிலிருந்து வந்ததை இரண்டாம் தரம் வெளியே தள்ளுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"யாரு தப்பு? சரியா விழலை."

"என் தப்பு அண்ணி!" இவள் கத்தினாள். "அண்ணா சரியாத்தான் செஞ்சார். அவர் கேட்ட நேரத்துக்கு நான் வழி விடலை. மாட்டிக்குவேன்னு பயந்து, செத்துப்போனவர் மேல பழியைப் போட்டேன். நான்தான் அதை அணைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் மறைச்சேன்!"

எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அண்ணி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றார்.

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் இவளும் கூட அழுதிருக்கலாம், அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

"அப்போ என் காதுக்கு ஒண்ணும் ஆகலை?"

"ஒண்ணும் ஆகலை. டாக்டர் சொன்னது நிஜம்."

"எட்டு மாசம்" என்றார் அண்ணி. பிறகு, "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சிப் போயிடுச்சுன்னு மட்டும் சொன்னேன்."

"அந்த மட்டும் நல்லது." அண்ணி கையை நீட்டி லெட்டரை வாங்கிக்கொண்டார். "அவரு பேர்ல எழுதினது அங்க அப்படியேதான் இருக்கா?"

"இருக்கு. அதை மூடிட்டாங்க, மாத்த முடியாது. கீழே வேணா ஒரு வரி சேர்க்கலாம்."

"சேர்த்தா யாராவது படிப்பாங்களா?"

"மாட்டாங்க அண்ணி."

"பரவாயில்லை, சேரு."

"நாளைக்கே சேர்க்கறேன். சேர்த்துட்டு வந்து உங்களுக்கு..."

"வர வேணாம்" என்றார் அண்ணி. குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே இங்க வர வேணாம். ஃபோன்ல சொல்லு, போதும்."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் இவள் அந்த வரியைச் சேர்த்தாள். தன் பெயரையும், பதினாறையும் அறுபத்து நான்கையும் எழுதினாள். அண்ணிக்கு ஃபோன் செய்தபோது பின்னால் குழந்தைகள் அழுவதும், யாரோ வயதைச் சொல்வதும், கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன. ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தார். எழுதியதை ஒரே ஒரு தடவை, மெதுவாக, சாதாரணக் குரலில் படித்துக் காட்டினாள்.

"கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணி ஃபோனை வைத்துவிட்டார்.