சுத்தமான கல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சொல்லிலிருந்து கிடைத்தது. திருவிடந்தையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் போனில், "கல்லு சுத்தமா?" என்று கேட்டாள். என்ன கல் என்று எனக்குத் தெரியாது. போர் நடக்கும் நாடுகளிலிருந்து கள்ளத்தனமாக வரும் வைரங்களின் பொருளாதாரம் பற்றிக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டு, வெகுநாளாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெண்ணைப் பிடித்துக் கட்டுரைக்குள் போட்டேன். கட்டுரை கெட்டுப்போய்க் கதையாகிவிட்டது. அவளுக்கு நஜ்மா என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கம் ஒன்று: ஆப்பிரிக்காவின் ஓர் ஆற்றங்கரையில், துப்பாக்கி முனையில் ஒருவன் சேற்றை அரித்துக்கொண்டு—

(வேண்டாம். அந்த ஆற்றை நான் பார்த்ததில்லை.)

தொடக்கம் இரண்டு: மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் நஜ்மா. ஒரு பெட்டியில் ஒரே ஒரு பழுதான உருப்படி கலந்திருந்தாலும், மொத்தப் பெட்டிக்கும் சிவப்பு அட்டை மாட்டி ஒதுக்குவது அவள் வேலை. நாளை அவளுக்கு மாமல்லபுரத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை அத்தை மகன் அதீப். வளைகுடாவில் ஒரு வைர வியாபாரியிடம் கல் தரம் பிரிக்கிறான். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மணக்கொடையான மஹராக, வைர மோதிரம் கொண்டுவருகிறான்.

இது பரவாயில்லை.

3

போனில் அவள் கேட்டதற்கு அதீப், "ஏ ஒன் சுத்தம். லென்ஸ் வெச்சே பாத்துட்டேன்," என்றான்.* அவளுக்கு நிம்மதி. மஹர் முடிவாகி, பிரியாணிக்கும் சொல்லியாயிற்று.

*வைரக்காரர்களுக்குச் சுத்தம் என்றால் கல்லுக்குள் புள்ளியும் கீறலும் இல்லாதது. நஜ்மா கேட்டது, கல் வந்த வழியை.

4

மோதிரத்தைக் காட்ட அதீப் அவள் வீட்டுக்கு வந்தான். அவள் அம்மா டீ போட உள்ளே போனாள்.

"இது எந்த ஊரு கல்லு மச்சான்?"

"யாருக்குத் தெரியும்? அஞ்சாறு ஊரு கல்லு ஒரே பொட்டலத்துல வரும். பட்ட தீட்டிட்டா எல்லாம் ஒண்ணாத்தான் கீது."

"சண்ட நடக்கற ஊரு கல்லும் வருமா?"

"வரும். துப்பாக்கி வெச்சிகினு இருக்கறவன் டப்புக்கு அவசரப்பட்டு பாதி வெலைக்குத் தள்ளிடுவான். நல்ல கல்லோட கலந்துட்டா முழு வெலைக்குப் போவும். நடுவுல நிக்கறதுதான் லாபம். இன்னா அப்டி பாக்கற?"

"எங்க கம்பெனில ஒண்ணு கெட்டா மொத்த பொட்டிக்கும் செவப்பு அட்ட."

"எங்களுக்கு ஒரே ஒரு சர்டிபிகேட் பேப்பர். மொத்த பொட்டலமும் சுத்தம்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே இடறியது. "ஒனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தேன் நஜ்மா," என்றான் மெதுவாக.

(இவனை வில்லனாக்கப் பார்த்தேன். பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான். அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. எனக்கும் கொஞ்சம் உண்டு. மனிதனுக்கு எப்படிச் சிவப்பு அட்டை மாட்டுவது?)

5

மறுநாள். பெண்ணிடம் சம்மதம் கேட்க, தாய்மாமா ரஹ்மத்துல்லா இரண்டு சாட்சிகளோடு அறை வாசலுக்கு வந்தார்.

"இந்த வைர மோதிரத்த மஹரா வெச்சி, அதீபுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்க சம்மதமாம்மா?"

முடிவு அ: சம்மதம் என்கிறாள். விரலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் நினைவுக்கு—

முடிவு ஆ: மஹரை மாற்றுங்கள் என்கிறாள். மோதிரம் கடைக்குத் திரும்பி, வேறொருத்தி விரலுக்குப் போகிறது. விலையில் ஒரு பைசா குறையவில்லை. அதீபின் முகம்தான்—

இரண்டும் சரியாக வரவில்லை. முடிவை எழுதாமல் நழுவிவிடலாம் என்றிருந்தேன். எனக்கு அது பழக்கம்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். பெண் வெட்கப்பட்டு வாய் திறக்காவிட்டால், சரி என்றதாகவே எடுத்துக்கொண்டு சாட்சிகள் போய்விடுவார்கள். நான் இங்கே நிறுத்தினால் அவள் சம்மதித்தவளாகிவிடுவாள்.

மாமா இரண்டாம் முறை கேட்டுவிட்டார். நஜ்மா உங்களைத்தான் பார்க்கிறாள். நீங்களும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.