சத்து ஊசி

என் வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் நூற்றைம்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவார். பெரம்பலூரில் அவர் போகிற ஜிம்மில் சுவர் முழுக்க அவர் போட்டோதான். அந்த உடம்பைக் காட்டித்தான் மூன்று வருஷமாக என்னை மலடி என்றார்கள். "பாறையாட்டம் இருக்கான் எம்புள்ள, அவனுக்கென்ன குறை" என்று மாமியார் கலியம்மாள் குரும்பலூர் முழுக்கச் சொல்லியாயிற்று. எனக்கு ஸ்கேன், எனக்கு மாத்திரை, எனக்கு விரதம். அவர் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவை வரச் சொல்லியிருந்தார் மாமியார், என்னைப் பிறந்த ஊரான உடையார்பாளையத்துக்கே கூட்டிப்போகச் சொல்லத்தான். மகனுக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சும் என் காதில் விழுந்துவிட்டது.

புது டாக்டரம்மா கறாரானவர். "அவரையும் சோதிக்காம நான் உங்களத் தொடமாட்டேன்" என்றுவிட்டார். இவர் முணுமுணுத்துக்கொண்டே ரத்தமும் விந்தும் சோதனைக்குக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

"விந்துல உயிரணு ஒண்ணுகூட இல்ல" என்றார் டாக்டர்.

குறைவு என்று சொல்லியிருந்தால்கூடப் புரிந்திருக்கும். ஒன்றுகூட இல்லையா? இவர் நாற்காலி முனகும்படி நிமிர்ந்து, "வேற யாரோடதையோ மாத்தி வச்சிருப்பாங்க மேடம்" என்றார்.

"ரெண்டு தடவ பாத்தாச்சு. ஆனா உங்க ஆண் ஹார்மோன் அளவுக்கு மேல மூணு மடங்கு இருக்கு."

இவர் முகம் மலர்ந்தது. அந்த நேரத்திலும் மலர்ந்தது பாருங்கள். "வெயிட் தூக்குறேன்ல மேடம். கனமா தூக்குனா ஹார்மோன் ஏறும்னு ஜிம் மாஸ்டர் சொல்லியிருக்காரு."

"கொஞ்சம் ஏறும், ஒரு மணி நேரத்துல பழையபடி இறங்கிரும். எவ்வளவு தூக்குனாலும் இந்த அளவு வராது. என்ன மருந்து எடுக்குறீங்க?"

"சத்தியமா ஒரு மாத்திரகூட இல்லீங்க. தலவலிக்கே போடமாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மருந்து என்றால் நோய்க்கு எடுப்பது. "சத்து ஊசி மட்டுந்தாங்க. வாரம் ஒண்ணு, மாஸ்டர் ஜெயசீலன் போட்டுவிடுவாரு" என்றேன் நான். களைப்பு என்றால் ஊரே ஒரு சத்து ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறது. அதைப் போய் யார் மருந்தில் சேர்ப்பார்கள்? ஊசி போட்ட இடம் வீங்கினால் நான்தான் ஒத்தடம் கொடுப்பேன்.

அந்தப் புட்டியின் படம் இவர் போனில் இருந்தது. டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படித்தார்.

"இது சத்து இல்லம்மா. ஆண் ஹார்மோனையே ஊசியா ஏத்தியிருக்காங்க. வெளிலேருந்து வந்துகிட்டே இருந்தா, மூளை உத்தரவு போடுறத நிறுத்திரும். விதை சுருங்கும். உயிரணு உற்பத்தி நின்னுடும். எத்தன வருஷமா போடுறீங்க?"

"மூணரை" என்றார் இவர். குரல் உள்ளே போய்விட்டது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தாராம். நான் விழுங்கிய மாத்திரைகளெல்லாம் எதற்கு?

"இன்னியோட நிறுத்தணும்" என்றார் டாக்டர். "பெரும்பாலும் திரும்ப வந்துரும். ஆறு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். சிலருக்கு வராமலும் போகும்."

இவர் என் காதருகே குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சிந்து, அம்மாகிட்ட சொல்லிறாத. ஊசிய நிறுத்திருவேன். உயிரணு திரும்ப வர்ற வரைக்கும் குறை உங்கிட்டன்னே இருக்கட்டும்."

"ஞாயித்துக்கிழம எங்கப்பா வராரே?"

"ஒரு ஆறு மாசம் அங்கதான் இருந்துட்டு வாயேன்."

டாக்டர் பக்கம் திரும்பினேன்.

"மேடம், இப்ப சொன்னத ஒண்ணு விடாம தமிழ்ல எழுதிக் குடுங்க. கொஞ்சம் பெருசா எழுதுங்க. எங்க அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்."