காலியாகாத இடம்

ராதிகாவின் மூளையிலிருந்து எடுத்த கட்டி புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் காத்துக் கிடந்த நாட்களில், சங்கராபுரத்தில் அவள் புகுந்த வீட்டார் சும்மா இருந்துவிடவில்லை. எதையும் முன்கூட்டியே யோசித்துச் செய்கிற பொறுப்பான குடும்பம் அது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கட்டி பொல்லாத வகை மாதிரிதான் தெரிந்தது. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்றார் டாக்டர் பாரதி.

"பாக்க ஒண்ணா இருக்கிற ரெண்டு கட்டி ஒண்ணா நடந்துக்கும்னு இல்லம்மா. உள்ள எந்த ஜீன் ஜாஸ்தியா வேலை செய்யுது, எது அடங்கிக் கிடக்குதுன்னு பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு. அந்த அமைப்பு தெரிஞ்சா, மேற்கொண்டு எப்படிப் போகும்னு ஓரளவு சொல்லலாம்."

ராதிகாவுக்கு இது சட்டென்று புரிந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் குடியிருக்கும் வீடும் அப்படித்தான். மாமியார் கமலாவும் நாத்தனார் விஜயலட்சுமியும் ஓயாமல் வேலை செய்வார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் கணவன் சரத்குமார் அடங்கிக் கிடப்பான். அந்தக் குடும்பம் எப்படிப் போகும் என்று சொல்ல டெஸ்ட் எதுவும் தேவையில்லை.

கூட வந்திருந்த விஜயலட்சுமி, 'பொல்லாத' என்ற சொல்லை மட்டும் பத்திரமாக ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் கழித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. ரிஷிவந்தியம் கோயில் வாசலில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண். கீழே, 'தம்பிக்குப் பொருத்தமா இருப்பா' என்று விஜயலட்சுமியின் குறிப்பு. தவறான இடத்தில் போட்டுவிட்டது தெரிந்து அவள் உடனே அழித்துவிட்டாள். தலையில் தையலோடு படுத்திருப்பவளுக்குப் போன் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கும் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

ராதிகா கேட்டபோது கமலா மறைக்கவில்லை.

"எல்லாம் புள்ளைங்களுக்காகத்தான்மா. நாளைக்கு அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? உன் மனசு நோவக் கூடாதுன்னுதான் உங்கிட்ட சொல்லல."

ராதிகாவின் மனசு நோகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணின் புடவை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

முடிவு வந்ததும் அவளும் சரத்குமாரும் புதுச்சேரிக்குப் போனார்கள். ஜீன்களின் அமைப்பு சாதகமாக இருப்பதாக டாக்டர் பாரதி சொன்னார். இதே அமைப்பு உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேர் பல வருடம் நன்றாக இருக்கிறார்கள்; இது உத்தரவாதம் இல்லை, கணிப்பு; கதிர்வீச்சு கட்டாயம் வேண்டும். ராதிகா நிதானமாகத் தலையாட்டினாள். பிறகு ஆஸ்பத்திரிக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து விட்டு அழுதாள்.

வீட்டில் சேதி சொன்னதும் கொஞ்ச நேரம் யாருக்கும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இந்த டெஸ்ட்டு தப்பாக்கூடப் போவுமா?" என்று கமலா கவலையோடு கேட்டாள். எந்தக் கவலை என்று விளங்கவில்லை.

"போவலாம் அத்த. கால்வாசி எடம் இன்னும் இருக்குது" என்றாள் ராதிகா.

அடுத்தது ரிஷிவந்தியத்துப் பெண் வீட்டுக்கு யார் சொல்வது என்ற பிரச்சினை. விஜயலட்சுமிக்குத் தலைவலி வந்தது. சரத்குமாருக்கு ஆலையில் ஷிப்ட் இருந்தது. ராதிகாவே நம்பரை வாங்கிப் போட்டாள். எடுத்தது அந்தப் பெண், இலக்கியா.

"யாருங்க?"

"சரத்குமார் சம்சாரம் பேசறேம்மா."

எதிர்முனையில் குரல் மெலிந்தது.

"அவங்க இறந்துட்டாங்கன்னு சொன்னாங்களே, அக்கா."

சாகப் போகிறாள் என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் ராதிகா நினைத்திருந்தாள். இவர்களோ காரியமே முடித்துவிட்டார்கள்.

"இன்னும் இல்லம்மா. டாக்டரம்மா தள்ளி வெச்சிட்டாங்க. இந்த வூட்ல எடம் காலி இல்ல, நீ வேற எடம் பாரு" என்றாள்.

இலக்கியா அழுதாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் ராதிகாதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

சரத்குமார் ஷிப்ட் முடிந்து வந்ததும் கேட்டாள். "நான் செத்துட்டேன்னு சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். "அக்காதான் சொல்லிச்சு. நான் ஒண்ணுமே சொல்லல, ராதிகா."

"தெரியும். நீங்க ஒண்ணுமே சொல்லல."

கதிர்வீச்சுக்கு அவன்தான் லீவு போட்டுக் கூட வந்தான். பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தான், இளநீர் வாங்கி வந்தான், முடி கொட்டியபோது தலைக்குத் துண்டு கட்டிவிட்டான். எல்லாவற்றையும் வாய் திறக்காமல் செய்தான். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் ஆகிறது. எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தமாக வந்திருக்கின்றன. ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ராதிகா இலக்கியாவுக்குத்தான் போன் போடுகிறாள். இலக்கியாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருகிற வரன்களை ராதிகாதான் தீர விசாரித்துச் சொல்கிறாள்.

போன மாதம் ஸ்கேன் அறையில் புதிதாக வந்த நர்ஸ், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். வெளியே நாற்காலியில், அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு சரத்குமார் உட்கார்ந்திருந்தான்.

"எங்க ஊர்க்காரருதான்" என்றாள் ராதிகா.